இறங்கி வரணும்ல

அழுக்கோடு இருக்கும்போதே வண்டியைப் பார்த்துவிட வேண்டும் என்பார் மேஸ்திரி. பட்டறைக்குள் வண்டி வந்து நின்றதும் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவரும் பையனைக் கையமர்த்திவிட்டு, சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொள்வார். எண்ணெய் கசியும் இடத்தில் புழுதி ஒட்டிக் கறுத்திருக்கும். ஈரமான கறுப்பென்றால் இப்போதும் கசிகிறது. காய்ந்த கறுப்பென்றால் யாரோ சீல் மாற்றியிருக்கிறார்கள், அல்லது உள்ளே கசிவதற்கு எண்ணெயே இல்லை. இரண்டாவதுதான் பயப்பட வேண்டியது. கழுவிவிட்டால் இந்தத் தடயமெல்லாம் வாய்க்காலோடு போய்விடும்.

போடிநாயக்கனூரில் அவரிடம் நான் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு பழைய மகேந்திரா சி.ஜே. 3பி. உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டம் ஒன்றில் உர மூட்டையை மேலே ஏற்றியும் ஏலக்காய் மூட்டையைக் கீழே இறக்கியும் உழைத்து ஓய்ந்து, டயர் பாதி மண்ணில் புதைய ஷெட்டில் நின்ற வண்டி. பின்பக்கம் தகரத்தில் கூண்டு கட்டி, எதிரெதிரே இரண்டு பலகை போட்டிருந்தார்கள். நான் அப்போது ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஓட்டிப் பிழைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தப் பட்டறைக்குப் போயின.

போடிக்காரர்களுக்கு ஜீப் அதிசயமில்லை. போடி, தேவாரம், கம்பம் என்று அடிவாரம் நெடுக, விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்பில் ஏறி எல்லையைத் தாண்டி இடுக்கித் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவார்கள். பொழுது சாய இறங்குவார்கள். போடிமெட்டு மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறை என்று உள்ளே திரும்பினால் தார் முடிந்து கல்லும் சேறும் தொடங்கும். அந்தப் பாதைகளுக்கு ஜீப்பை விட்டால் கால்நடைதான். ஆகவே இங்கே ஜீப் மெக்கானிக் என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. அவர் கையில் வேலை சுத்தமில்லை என்றால் மேலே பத்துப் பதினைந்து உயிர் நிற்கும்.

சி.ஜே. 3பி-யை அடையாளம் காண்பது எளிது. மற்ற வில்லிஸ் ஜீப்புகளை விட பானெட் உயரம். அழகுக்காக உயர்த்தவில்லை. 1953-ல் அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் ஜீப்புக்குள் ஹரிக்கேன் எஞ்சினை வைத்தபோது, இன்டேக் வால்வுகள் எஞ்சின் தலைக்குப் போய்விட்டன. எக்ஸாஸ்ட் வால்வுகள் மட்டும் பழையபடி பிளாக்கில் நின்றன. எஞ்சின் உயர்ந்தது, அதை மூட பானெட்டும் உயர்ந்தது. 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், பெட்ரோல். 1940-களின் கடைசியிலிருந்தே பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிக்கொண்டிருந்த மகேந்திரா, இந்த முகத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்காவிலேயே நிறுத்திய பிறகும் பல்லாண்டு விடாமல் செய்தது. நம் ஊரில் ‘ஜீப்’ என்று சொன்னால் மனதில் வருவது அந்த உயர்ந்த நெற்றிதான்.

இதன் மூதாதை போர்க்கால வண்டி. இரண்டாம் உலகப்போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தார்கள். ஒரு கம்பெனி வண்டியின் பாகம் மற்றதில் பொருந்த வேண்டும் என்று ராணுவம் கேட்டது, அப்படியே செய்தும் கொடுத்தார்கள். குண்டு விழும் இடத்தில் கையில் இருக்கும் நாலு ஸ்பேனரால் பிரித்துப் பூட்ட முடிய வேண்டும் என்ற நினைப்பு ஒவ்வொரு போல்ட்டிலும் தெரியும். ஸ்பேனர் நுழைய இடம் இருக்கும். எதுவும் ஒட்டப்பட்டிருக்காது. இந்த வண்டியின் மேல் எனக்குப் பிரியம் வந்ததே அதனால்தான். யாரோ ஒருவர், என்றோ, எங்கோ ஒரு வழியோரத்தில் இதைத் திறக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அந்த யாரோ ஒருவர் போடியில் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் மேஸ்திரியாகவும் இருக்கலாம் என்பதற்கு இதை வரைந்த காகிதப் படங்களில் இடம் இருந்தது.

என் வண்டியில் பெட்ரோல் எஞ்சின் இல்லை. எப்போதோ அதை இறக்கிவிட்டு மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றியிருந்தார்கள். மெர்சிடிஸ் பென்ஸின் ஓ.எம். 616, பஜாஜ் டெம்போ உரிமம் வாங்கிச் செய்தது, 2.4 லிட்டர். மலையோரத்தில் இது வழக்கமான மாற்றம். பெட்ரோல் விலையில் தோட்ட வேலை கட்டுபடியாகாது. எஞ்சினில் குறையில்லை, காலையில் ஹீட்டர் போட்டுச் சாவியைத் திருப்பினால் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். ஆனால் மேட்டில் டாப் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். பழைய ஓட்டுநர் கியர் லீவரை ரப்பர் பட்டையால் கட்டி ஓட்டியிருக்கிறார். அந்தப் பட்டை லீவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பட்டறைக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கியர் தேய்ந்துவிட்டது, ஃபோர்க் வளைந்துவிட்டது, ஸ்பிரிங் செத்துவிட்டது. மேஸ்திரி கியர் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அதை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, பிளைவீலின் மேல் டயல் கேஜைப் பூட்டி, முள்ளைப் பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் வைத்து, என்னை எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். முள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. மொத்த ஆட்டம் நாற்பது தௌவுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்குக்கு, வந்தது. பத்துக்குள் இருக்க வேண்டும்.

மெட்டடோர் எஞ்சினின் முதுகும் ஜீப் கியர் பாக்ஸின் முகமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நடுவில் ஓர் இரும்புத் தட்டு வைத்து, ஒரு பக்கம் எஞ்சினுக்கும் மறுபக்கம் ஹவுசிங்குக்கும் துளையிட்டுப் பூட்டுவார்கள். கன்வர்ஷனின் உயிர் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. முன்பு செய்தவர்கள் துளையைக் கண்ணளவில் போட்டிருக்கிறார்கள். அதனால் எஞ்சினின் மையமும் கியர் பாக்ஸின் மையமும் இருபது தௌ, அதாவது அரை மில்லிமீட்டர், விலகி நின்றன. கேட்க அற்பம்தான். ஆனால் கியர் பாக்ஸின் முன் ஷாஃப்டின் நுனி பிளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. மறுமுனை கியர் பாக்ஸ் பேரிங்கில். மையம் விலகினால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஷாஃப்ட் நெளிந்துகொண்டே சுழல வேண்டும். அந்த நெளிவு பல் மேல் பல்லாகத் தள்ளித் தள்ளிக் கியரை வெளியே எடுத்துவிடுகிறது. புதுக் கியர் போட்டிருந்தாலும் ஒரு மழைக்காலம் தாங்கியிருக்காது.

தட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி, பித்தளைச் சுத்தியலால் ஒரு தட்டு, ஒரு சுற்று, முள்ளைப் பார், இன்னொரு தட்டு. மதியம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. முள் எட்டு தௌவுக்குள் வந்து நின்றபோது மேஸ்திரி போல்ட்டுகளை முறுக்கி, மறுபடி அளந்து, பிறகுதான் புது டவல் பின்னுக்குத் துளை போட லேத் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார். அந்தப் பின்கள் இறங்கிவிட்டால் இனி யார் கழற்றிப் பூட்டினாலும் மையம் மாறாது. முன் பேரிங்கும் பைலட் பேரிங்கும் மட்டும் புதிது. அன்றிலிருந்து அந்த டாப் கியர் கழன்றதில்லை. ரப்பர் பட்டையை அறுத்துப் போட்டேன். நோய் இருக்கும் இடமும் வலி தெரியும் இடமும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை அளவுகோலோடு பார்த்த முதல் நாள் அது.

கியர் பாக்ஸுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருப்பது ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ஸ்பைசர் 18. இந்த வண்டியை ஜீப்பாக்குவது அந்த வார்ப்புப் பெட்டிதான். எஞ்சின் விசை அதற்குள் மூன்று பல்சக்கரங்கள் வழியாக இறங்கி, வலது பக்கம் ஒதுங்கி, முன்னும் பின்னுமாகப் போகிறது. நேர் வழியே கிடையாது. சமதளத்தில் போனாலும் பல்லோடு பல் உரசித்தான் போக வேண்டும். ஆகவே எல்லாப் பழைய ஜீப்பும் ஒரு சுருதியில் பாடிக்கொண்டே போகும். நடுச் சக்கரம் சுழலும் ஷாஃப்டும் ஊசி பேரிங்கும் தேய்ந்தால் அந்தச் சுருதி கரகரக்கும். மேஸ்திரி ஓடும் வண்டியில் தரையில் காலை வைத்தே தேய்மானம் எவ்வளவு என்று சொல்லுவார். பிரித்துப் பார்த்தால் சரியாக இருக்கும்.

வண்டியின் தளத்திலிருந்து இரண்டு குட்டி லீவர்கள் எழும்பி நிற்கும். ஒன்று முன் ஆக்சிலை இணைக்க, மற்றது லோ போட. முன் ஆக்சில் இணையாமல் லோ விழாதபடி உள்ளேயே ஒரு தடை வைத்திருக்கிறார்கள், லோவின் முழு இழுவையும் பின் ஆக்சில் தலையில் மட்டும் விழக்கூடாது என்று. ஒருநாள் கமிஷன் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். முதல் கியர் 2.8, லோ 2.46, ஆக்சிலில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் முனகும்போது வண்டி மணிக்கு மூன்றரை கிலோமீட்டர்தான் நகரும்; பக்கத்தில் நடந்து வருகிறவர் முந்திவிடுவார். ஆனால் அந்த மெதுவில் அது பாறை மேல் சக்கரத்தை வைத்து, நின்று, யோசித்து ஏறுவது போல ஏறும். மறுபுறம், அதே 5.38 சாலையில் விலை கேட்கும். டாப்பில் மூவாயிரம் சுற்றுக்கு 75 கிலோமீட்டர். அதற்கு மேல் அந்த எஞ்சினை விரட்டுவது பாவம். தேனியிலிருந்து மதுரைக்குப் போகும்போது பஸ்கள் எல்லாம் தாண்டிப் போகும். போகட்டும்.

முன் ஆக்சில் வேலை கியர் பாக்ஸை விட நாள் பிடித்தது. நாற்பதைத் தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிற மாதிரி உதறும். வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். முன் சக்கரத்தைத் திருப்பும் கிங் பின் மேலும் கீழும் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. தேய்மானத்தால் அதில் பிடிப்பு போய்விட்டது. மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளில் ஒன்றிரண்டை எடுத்தால் பிடிப்பு கூடும். எவ்வளவு எடுப்பது? காய்கறிக்காரர்கள் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசை நக்கிளில் மாட்டி இழுத்துப் பார்த்தார். தராசு முள் எங்கே நிற்கும்போது நக்கிள் அசைகிறதோ அதுதான் பிடிப்பு. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே எடையில் அசையும் வரை ஷிம் மாற்றிக்கொண்டே இருந்தோம். ஸ்டியரிங் கம்பிகளின் நடுவில் தொங்கும் பெல் கிராங்கின் புஷ்ஷையும் மாற்றினோம். உதறல் நின்றது.

வண்டி ஓடத் தொடங்கியதும் ஆசைகள் வந்தன. என்னென்னவோ மாற்றலாம். பஞ்சாப் எல்லையில் மண்டி டப்வாலி என்ற ஊரில் ஜீப் கட்டுவதே ஒரு தொழில். அகன்ற டயரும் பளபளக்கும் ரிம்மும் போட்டு இறக்கும் வண்டிகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். ராணுவம் கழித்துவிட்ட ஜோங்காக்களை ஏலத்தில் எடுத்து வருகிறவர்களும் உண்டு. நிசான் பட்ரோலைத்தான் ஜோங்கா என்ற பெயரில் 1969 முதல் 1999 வரை ஜபல்பூர் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகச் செய்தார்கள், ஆறு சிலிண்டர், நாலு லிட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவன் மறக்க மாட்டான். எனக்கும் 31 அங்குல டயர் மேல் ஒரு கண் இருந்தது. ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே தூக்கிக் கட்டி வண்டியை உயர்த்த வேண்டும் என்றும்.

மேஸ்திரி மறுத்ததில்லை. ஒரு கேள்விதான் கேட்பார். “தம்பி, மேல ஏறிருவ. அங்கன வச்சு அது போச்சுன்னா, எறங்கி வரணும்ல?”

இதை விடச் சரியான உரைகல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. பெரிய டயரை எடுத்துக்கொள்வோம். முன் ஆக்சிலுக்குள் இருக்கும் ஜாயிண்ட் 28 அங்குல டயரின் சுமைக்கு அளந்து செய்தது. டயர் பெருத்தால் நெம்புகோல் நீளும். சேற்றில் சிக்கி முறுக்கும்போது அந்த ஜாயிண்ட் உடையும். உடைந்தால் அதை வழியில் வைத்து எளிதில் மாற்ற முடியாது. ஒன்பது அங்குல டிரம் பிரேக்குகளும் அந்தப் பெரிய சக்கரத்தைப் பிடித்து நிறுத்தத் திணறும். ஸ்பிரிங்கை மேலே கட்டினால் புரொப்பல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி கிராஸ் சீக்கிரம் போகும். ஸ்டியரிங் கம்பியின் கோணமும் கெடும். குறுகின வண்டி சரிவில் சாய்வதற்கும் கூச்சப்படாது. இரண்டையும் விட்டுவிட்டேன். முன்பக்கம் டீசல் எஞ்சினின் கனத்தில் அமுங்கியிருந்ததற்கு ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினோம், அதோடு சரி. உயரம் தேவை என்று நினைத்ததெல்லாம் ஸ்பிரிங் தொய்ந்ததைத்தான் என்று அப்போது புரிந்தது.

பிரேக்கில் தாராளமாகச் செலவு செய்தேன். இந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் பாதத்துக்குக் கீழே, தளத்துக்கு அடியில் தொங்கும். ஓடை கடந்தால் நனையும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய். எங்காவது ஒரு ரப்பர் வெடித்தால் நான்கும் போச்சு. போடிமெட்டு இறக்கத்தில் அது நடந்தால் என்ன என்று நினைத்தால் தூக்கம் வராது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரியும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரை ஃபயர்வாலில் உயர்த்தி வைத்தோம். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். மேஸ்திரியின் கேள்விக்கு இதில் நேராகப் பதில் சொல்ல முடியும்.

பவர் ஸ்டியரிங் விஷயத்தில்தான் எங்களுக்குள் நீண்ட பேச்சு. பொலிரோவின் பவர் ஸ்டியரிங்கை இதில் பொருத்துகிறவர்கள் உண்டு. எனக்கு முதலில் மனசில்லை. பெல்ட்டும் ஹோஸும் பம்புமாகக் கசிவதற்கு இன்னும் நாலு இடம். ஆனால் வீட்டில் மனைவியும் ஓட்ட வேண்டும் என்று கேட்டாள், நின்ற இடத்தில் அந்தச் சக்கரத்தைத் திருப்ப அவளுக்கு இரண்டு தோளும் போதவில்லை. பெல்ட் அறுந்தால்? சக்கரம் கனக்கும், ஆனால் திரும்பும். ஊர் வந்து சேரலாம். மேஸ்திரியே தலையசைத்துவிட்டார். பொருத்தினோம். இப்போது போடிமெட்டு வளைவுகளில் என்னை விட அவள்தான் நன்றாக ஓட்டுகிறாள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி செய்தபடி இல்லாத மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. என் வண்டியின் டீசல் எஞ்சின் எண் முன்பே ஆர்.சி.யில் ஏறியிருந்ததால் பிழைத்தேன். பதினைந்து வருடம் தாண்டிய காரைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆக உயர்ந்தது. ஐந்து வருடத்துக்கொரு முறை. கட்டுவதில் வருத்தமில்லை. ஆனால் பிரேக்கை மேம்படுத்தி வைத்திருப்பவனையும் கண்ணைக் கூசும் விளக்கு மாட்டியவனையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் கண் மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பழைய வண்டியைச் சாலையில் பத்திரமாக வைத்திருப்பது ஒரு கைத்தொழில். அதைப் பரிசோதிக்கத் தெரிந்த கைகளும் வேண்டும்.

ஓர் ஆனி மாதம், மழை பிடித்த பிறகு, சாந்தன்பாறைக்கு உள்ளே நண்பரின் தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு போனோம். மேஸ்திரியும் வந்திருந்தார். தார் சாலை முடியும் வரை முன் ஆக்சிலை இணைக்க அவர் விடமாட்டார். இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓடும், பின் சக்கரங்கள் குறைவாக. சேற்றில் என்றால் வழுக்கிச் சமன்படும். தாரில் அந்த வித்தியாசம் போக இடமின்றி ஷாஃப்டுகளுக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும். பிறகு லீவரே அசையாது, வண்டியைப் பின்னுக்கு எடுத்தால்தான் விடும். கல் பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி, இரண்டு முன் சக்கரத்திலும் ஃப்ரீ வீல் ஹப்பைக் கையால் திருகிப் பூட்டினேன். அவள் ஸ்டியரிங்கில். முதல் லீவர், பிறகு லோ. ஆக்சிலரேட்டரில் காலே வைக்காமல் விட்டாள். டீசல் எஞ்சின் தன் சொந்த மூச்சில் ஏறியது. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும், மற்றது கல்லைப் பிடிக்கும், வண்டி ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் நிமிரும். கூண்டுக்குள் உர மூட்டை இடம் மாறும் சத்தம்.

மேலே நின்றதும் மேஸ்திரி டீ கூடக் கேட்கவில்லை. நாலு ஹப்பையும், இரண்டு டிஃபரன்ஷியலையும், ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் உள்ளங்கையால் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பின் டிஃபரன்ஷியல் வெதுவெதுப்பு, சரி. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கொஞ்சம் கூடுதல், அதுவும் வழக்கம்தான். வலது முன் ஹப்பில் கை நின்றது.

“பேரிங் இறுக்கமா இருக்கு. தொட்டுப் பாரு.”

தொட்டேன். மற்றதை விடச் சூடு. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, ஃப்ரீ வீல் ஹப்பின் ஆறு போல்ட்டுகளைக் கழற்றினேன். உள்ளே லாக் நட், மடக்கிய வாஷர், அதற்குள் பேரிங் நட். நட்டைச் சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, அங்கிருந்து ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, வாஷரை மடித்துப் பூட்டினேன். மேஸ்திரி டயரைக் கையால் சுழற்றிவிட்டு, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அதற்குள் நண்பரின் மனைவி எங்களுக்குக் கட்டன் சாயா கொண்டுவந்துவிட்டார். குடித்துவிட்டு உர மூட்டைகளை இறக்கத் தொடங்கினோம்.